அவள் பேச்சில் யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூடலூர் பக்கத்துப் பள்ளிகளில் 27 வருடம் பாடம் நடத்தியவள் நான். என் மூன்றாம் வகுப்பில் பணியர் என்ற பழங்குடி வீட்டுப் பெண் ஒருத்தி படித்தாள். வாசிப்பில் பின்தங்குகிறாள் என்று மதிப்பீட்டு முகாமுக்கு அவளைக் கூட்டிப்போனதும் நான்தான். அதை நினைத்தால் இன்றும் மனது கேட்பதில்லை.

சோதித்தவர் நான்கு எண்களைச் சொல்லி, "இதைத் தலைகீழாகச் சொல்லு" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டதும் இன்னும் குனிந்தாள். அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கடைசியில் ஐ.க்யூ. (அறிவுத்திறன் எண்) 62, லேசான அறிவுசார் குறைபாடு என்று எழுதியாயிற்று.

வெளியே வந்ததும் அவள் அக்காவிடம், "கடைசியில் சொன்னதை முதலில் சொல்லணும்னு உங்க பேச்சில் சொல்லு" என்றேன். அக்கா சொன்னாள். நான் மூன்று எண் சொன்னேன், தங்கை தலைகீழாகச் சொன்னாள். நான்கு சொன்னேன், அதுவும் பிசகவில்லை. உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். படிவம் முடித்தாயிற்று என்றார்கள். அடுத்த வகுப்பில் அந்தத் தாளைப் பார்த்தவர்கள் அவளை வாசிக்கக்கூட எழுப்பவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டாள்.

ஐ.க்யூ. அளக்க இன்றும் பல இடங்களில் பயன்படும் பினே-காமத் சோதனை, 1930களில் இன்றைய கர்நாடகத்தின் தார்வாட் பக்கத்துக் கன்னட, மராத்திக் குழந்தைகளை வைத்து உருவானது. அதைத் தமிழில் சொல்லிக் கேட்கிறார்கள். பணியர் வீட்டில் பேசுவதோ தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. அப்புறம் அந்த எண் யாருடைய அறிவை அளக்கிறது?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதே தவறு நீதிமன்றம் வரை போனது. ஸ்பானிஷ் பேசும் ஒன்பது மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மந்த புத்தி வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானிஷிலும் சோதித்தபோது சராசரியாக 15 புள்ளி கூடியது. 1970இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்து, குழந்தையின் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று ஏற்கப்பட்டது. கறுப்பினக் குழந்தைகளை ஐ.க்யூ. சோதனையை வைத்து அந்த வகுப்புகளில் தள்ளக்கூடாது என்று 1979இல் இன்னொரு வழக்கில் நீதிபதி பெக்கம் தீர்ப்பளித்தார்.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்தச் சான்றிதழால்தான் உதவித்தொகையும் சிறப்பாசிரியரும் கிடைக்கிறார்கள். ஆனால் பழங்குடிப் பிள்ளையைச் சோதிக்கும்போது அதன் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டில் அது தம்பியைப் பார்த்துக்கொள்வதையும், கடைக்குப் போய்க் கணக்காகச் சில்லறை வாங்கி வருவதையும் விசாரித்து எழுதட்டும். ஒரே நாளில் முடிவு கட்டாமல் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கட்டும்.

ஆள் கிடைக்காது என்று சொல்ல முடியாது. கூடலூரிலும் பந்தலூரிலும் பள்ளிப் படிப்பு முடித்த பணியர் இளைஞர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கூடலூர், நீலகிரி மாவட்டம்