கோயில் நிலத்துல மாட்டுத் தீவனத்துக்கு ஓட்ஸ் போடலாமே, கமிட்டி பெரியவங்களே

தலைவர் அண்ணனுக்கும் கமிட்டி பெரியவங்களுக்கும் வணக்கம். பர்மா மலையூரு மேமியோவுல நாலு மாடு வச்சுப் பால் ஊத்துறவன் எழுதுறேன். கூட்டத்துல பேசலாம்னு ரெண்டு தடவ எந்திரிச்சேன், தேர் ரிப்பேர் பேச்சுலயே ராத்திரி ஆயிடுச்சு, அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி மடலாவே போட்டுட்டேன்.

கோயிலுக்குப் பின்னாடி இருக்குற மூணு ஏக்கர், மக்காச்சோளம் ஒடிச்சதும் ஐப்பசில இருந்து சித்திரை வரைக்கும் சும்மா கெடக்கு. அதே மாசத்துலதான் கோயில் மாடுங்களுக்கு மாண்டலே பக்கத்துல இருந்து லாரி வச்சு வைக்கோல் ஏத்திட்டு வர்றோம். வைக்கோல்ல வயிறு ரொம்பும், பால் வராது. அப்புறம் எள்ளுப் புண்ணாக்குக்கு வேற காசு. நம்ம ஊரு 3,500 அடி உயரம், பனிக்காலத்துல கீழ சமவெளியில இல்லாத குளிர் இங்க இருக்கு, அந்தக் குளிருதான் ஓட்ஸுக்கு வேணும், நாமதான் அத வீணடிக்கிறோம்.

பார்லி போடலாமேன்னு செயலாளர் தம்பி கேட்டாரு. நம்ம செம்மண்ணு புளிச்ச மண்ணு, அமிலம் கூடுனது தம்பி, பார்லிக்கு அது ஆகவே ஆகாது. ஓட்ஸ் தாங்கும். மேல கல்லு சரிவுல தண்ணி நிக்காத எடத்துக்கு ரைங்கிற தானியப் பயிரு போடலாம், குளிரையும் தாங்கும் வறட்சியையும் தாங்கும், ஆனா கதிர் தள்ளுறதுக்குள்ள அறுத்துடணும், விட்டா தண்டு குச்சி மாதிரி ஆயிடும், மாடு மோந்து பாத்துட்டுப் போயிடும்.

போன வருஷம் என் அரை ஏக்கர்ல ஓட்ஸ் போட்டுப் பாத்தேன். தீபாவளி முடிஞ்ச கையோட வெதச்சேன், ரெண்டு மாசத்துல இடுப்பு உசரம் வந்துச்சு. தரையோட ஒட்ட அறுக்காம நாலு விரக்கட விட்டு அறுத்தா திரும்பத் துளுக்குது. ரெண்டாவது அறுப்பு மாசியில, கதிர்ல ஒரு மணிய எடுத்து நகத்தால நசுக்குனா வெள்ளையா பால் பிதுங்கணும், அதான் பதம். அந்த நேரம் மழையே கெடயாதுல்ல, நாலு நாள் வெயில்ல பெரட்டிப் போட்டா பச்ச வாசம் போகாத காஞ்ச புல்லு ரெடி.

ஒரு தப்பும் பண்ணேன், மறைக்க மாட்டேன். தண்ணி பத்தாம பயிரு வாடிக் கெடந்தப்ப யூரியாவ அள்ளிப் போட்டுட்டு, பத்தே நாள்ல அடித்தண்டோட அறுத்துப் போட்டேன். சாயங்காலம் என் மாடு லட்சுமி மூச்சு வாங்கிட்டு நிக்குது, நாக்கு நீலம் பாரிச்சுப் போச்சு. மாட்டு டாக்டர் ஊசி குத்துனா ரத்தம் சாக்லேட் கலர்ல வருது! நைட்ரேட் விஷம்னாரு. நீல மருந்து ஏத்துனப்புறம்தான் பொழச்சுது. வாடுன பயிரு நைட்ரேட்ட அடித்தண்டுல சேத்து வச்சுக்குமாம், காய வச்சாலும் அது போகாதாம். அதனால யூரியாவ நானே அளந்து பிரிச்சுப் பிரிச்சுப் போடுறேன், வேற யார் கையிலயும் குடுக்காதீங்க. ஓட்ஸோட நடுநடுவுல பட்டாணி கலந்து வெதச்சா சத்தும் கூடும்.

செலவுன்னு பாத்தா வெத மட்டும்தான். ஏக்கருக்கு 40 கிலோ, நம்ம கணக்குல 25 வீசை (தமிழ்நாட்டுல மறந்துட்டாங்க, இங்க வீசை இன்னும் உசுரோட இருக்கு). மொத வருஷம் ஒரு ஏக்கர் போதும். உழவு என் பொறுப்பு, அறுக்குறதுக்கு நானும் என் மச்சானும் வர்றோம், கூலி வேணாம், சாணிய மட்டும் குடுங்க.

மழை நின்ன ஈரத்துலயே மொளச்சிடும், அப்புறம் மூணு நாலு தண்ணி கட்டணும். கெணத்து மோட்டார் ரூம் சாவி பூசாரி ஐயாகிட்ட இருக்கு. ஐப்பசி பொறக்குறதுக்குள்ள அத என்கிட்ட குடுக்கச் சொல்லுங்கண்ணே.