மலைப் பூங்கா நிர்வாகங்களுக்கு: அந்தப் பலகையை மாற்றி எழுதுங்கள்

வணக்கம்.

நடைபாதை தொடங்கும் இடத்தில் நீங்கள் நட்டிருக்கும் பலகையில் ‘காட்சிமுனை – 6 கி.மீ.’ என்று இருக்கிறது. பொய் இல்லை. ஆனால் மலையில் கிலோமீட்டர் பாதிக் கணக்குதான். மீதிப் பாதி ஏற்றம். அது பலகையில் இல்லாததால்தான் இருட்டிய பிறகு உங்கள் காவலர்கள் டார்ச்சோடு ஆள் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இலேயே இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் 6 கி.மீ. பாதை 900 மீட்டர் ஏறுகிறது என்று வையுங்கள். சமதளமாக இருந்தால் 1 மணி 12 நிமிடம் போதும்; ஏற்றத்தையும் சேர்த்தால் 2 மணி 42 நிமிடம். அதுவும் பழகிய கால், நிற்காமல் நடந்தால். குழந்தைகள், முதுகுச் சுமை, மூச்சு வாங்க உட்காருவது எல்லாவற்றையும் சேர்த்து 4 மணி நேரம் என்று எழுதுவதே நியாயம். இறங்கும்போது ஈடுகட்டிவிடலாம் என்பதும் நடக்காது. செங்குத்துச் சரிவில் முட்டி கெஞ்சும், ஷூ முனையில் நகம் இடிக்கும், நடை தானாகத் தளரும்.

இன்னொரு சங்கதி, காட்சி. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, ஈரக்காற்று மேலே கிளம்புகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் காற்று சுமார் 10 டிகிரி குளிரும், முகட்டருகே மேகமாகிவிடும். காலை 8 மணிக்கு அடிவாரம் வரை தெரிந்த பள்ளத்தாக்கு, நண்பகலில் வெறும் வெள்ளைத் திரை. 10 மணிக்குக் கிளம்பியவர் 2 மணிக்கு மேலே வந்து இந்தத் திரையைத்தான் பார்ப்பார். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே, ‘கொஞ்சம் கலையட்டும்’ என்று உட்காருவார். மலையில் பலர் மாட்டிக்கொள்வது அந்தக் ‘கொஞ்ச’ நேரத்தில்தான். முகட்டின் நிழல் விழும் பக்கத்தில் சூரியன் மறைவதற்கு வெகுநேரம் முன்பே பாதை மங்கிவிடும். பிற்பகல் இடியும் அந்த நேரத்துக்குத்தான் வரும்.

ஆகவே பலகையில் இப்படி இருக்கட்டும்: ‘தொலைவு 6 கி.மீ. ஏற்றம் 900 மீ. ஏற 4 மணி நேரம், இறங்க 3. காட்சி காலையில்தான். எங்கே இருந்தாலும் பகல் 1 மணிக்குத் திரும்புக. வழியில் தண்ணீர் இல்லை. ஆளுக்கு 3 லிட்டர்.’ அந்த 1 மணி என்பதை ஒவ்வொரு பருவத்துக்கும் மாற்றி எழுத வேண்டும். ஒரு சாக்பீஸ் போதும்.

முகாமிடும் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓடைக்கரை சமதளம், பார்க்கவும் அழகு என்று அங்கேயே இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியே வழிந்து அங்கேதான் தேங்கும். விடியற்காலையில் கூடாரத்தின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும், கை பட்டால் ஸ்லீப்பிங் பேக் மேல் கொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று நினைத்து மறுநாள் காற்றுத் திறப்புகளையும் மூடிவிடுவார்கள். அது அவர்கள் மூச்சின் ஈரம்; மூடினால் இன்னும் சேரும். மேலே எங்கோ பெய்த மழைக்கு ஓடை பெருகும் ஆபத்து வேறு. ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, சற்று மேட்டில் இடம் கொடுங்கள். தண்ணீர் அசுத்தமாகாமல் இருக்கவும் அந்த இடைவெளி வேண்டும்.

முகாமிலும் ஒரு பலகை வையுங்கள். குளிரும் மழையும் சேர்ந்தால் கூடாரத்துக்குள்ளேயே அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றும். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் வாயு; அதற்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். ‘கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது’ என்ற அந்த ஒரு வரியைச் சிவப்பில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மலைப்பாதை நடையர்கள்