கத்தரிக்கோல் பாக்டீரியாவுடையது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரிக்கோலை 2012இல் இரண்டு விஞ்ஞானிகள் 'உருவாக்கினார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. டவுட்னா, ஷார்பென்டியே இருவருக்கும் 2020இல் நோபல் கிடைத்தது நியாயம்தான். நாம் சொல்லும் இடத்தில் வெட்டும்படி அதைப் பழக்கியவர்கள் அவர்கள். ஆனால் கத்தரிக்கோல் பாக்டீரியாவுடையது.

நான் ஒரு பால் பண்ணையில் தயிர்ப் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். ஒருநாள் காலை தொட்டியைத் திறந்தால் தயிர் உறையவே இல்லை. கரண்டியில் அள்ளினால் பாலாகவே வழிந்தது, புளித்த வாசனைகூட இல்லை. தொட்டியை நான் சரியாகக் கழுவவில்லை என்று மெமோ கொடுத்தார்கள். அதே தொட்டி, அதே கழுவல். வேறு உறைக் கல்ச்சர் போட்டதும் மறுநாளே கட்டியாக உறைந்தது. தயிர் பாக்டீரியாவையே அழிக்கும் ஃபேஜ் என்ற வைரஸ் உண்டு என்பதே ஓய்வுபெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்தது. மெமோ வாங்கியபோது தெரிந்திருந்தால் வாய் திறந்து பேசியிருப்பேன்.

அந்த ஃபேஜை வெட்ட பாக்டீரியா வைத்திருக்கும் ஆயுதம்தான் இந்தக் கத்தரிக்கோல். அது நிரூபணமானதும் தயிரில்தான். உறைக் கல்ச்சர் தயாரிக்கும் டானிஸ்கோ நிறுவனத்தில் பராங்கு, ஹோர்வாத் குழுவினர் தயிர் பாக்டீரியா மேல் ஃபேஜை விட்டுப் பார்த்தார்கள். தப்பிப் பிழைத்தவை அந்த வைரஸின் டிஎன்ஏவிலிருந்து சுமார் முப்பது எழுத்தை வெட்டியெடுத்துத் தங்கள் டிஎன்ஏவுக்குள் செருகி வைத்திருந்தன. அதே வைரஸ் திரும்ப வந்தால், அந்தத் துண்டின் நகலை வைத்து அடையாளம் கண்டு வெட்டிப்போடும். அந்தத் துண்டை எடுத்துவிட்டால் எதிர்ப்பும் போய்விடுகிறது. அப்புறம், பிளந்து பெருகும்போது பிள்ளைகளுக்கும் அது சேர்ந்தே போகும். இது வெளிவந்தது 2007இல், உங்கள் 2012க்கு ஐந்து வருடம் முன்பு. அதற்கும் முன்பே, உப்பளத்து நுண்ணுயிர்களில் தொடங்கி இந்தத் துண்டுகள் வைரஸிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டு மொஹிகா. ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பி, 2005இல்தான் அவர் கட்டுரை அச்சேறியது. அவர் பெயரை நீங்களாவது ஒரு வரி போட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு மருத்துவப் பக்கத்தில் வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் என்று வந்தது. அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. என் மருமகள் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. உங்கள் இதழில் பாக்டீரியாவும் கிருமி, வைரஸும் கிருமி. ஒன்றை ஒன்று அழிக்கிறது என்று எழுதவேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்?

சரி, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. 'உருவாக்கினார்கள்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி