எங்கள் மழையை அளந்து சொல்லுங்கள்: ஒரு திறந்த மடல்

காலநிலைக் கலந்தாய்வுக் கூட்டம் நடத்திய அலுவலர்களுக்கும் வல்லுநர்களுக்கும் சேர்வராயன் மலைச் சிறு காப்பி விவசாயிகளின் வணக்கம்.

தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைவிட உலக வெப்பம் 1.5 டிகிரி கூடுவது 2030-இல் வருமா, 2035-இல் வருமா என்பதிலேயே கூட்டம் முடிந்தது. அந்த வாதம் வீண் என்று சொல்லமாட்டோம். 2024-இல் உலக வெப்பம் ஏறத்தாழ 1.55 டிகிரி கூடியிருந்ததும், ஓராண்டு தாண்டுவது வேறு, இருபதாண்டுச் சராசரி தாண்டுவது வேறு என்பதும் எங்களுக்கும் தெரியும். செடிக்குத்தான் தெரியாது. அது கேட்பது மில்லிமீட்டர் கணக்கு.

மார்ச், ஏப்ரலில் பூ மழை 25 முதல் 40 மி.மீ. பெய்தால் எட்டுப் பத்து நாளில் பூ மலரும். 10 மி.மீ.யோடு நின்றுவிட்டால் மொட்டு பாதி வீங்கி, விரியாமலே கருகும். உடனே தெளிப்பான் போட்டுக் குறையை நிரப்பினால் தப்பிக்கலாம். ஏக்கருக்கு 25 மி.மீ. என்றால் ஒரு லட்சம் லிட்டர், 10 மி.மீ. ஏற்கெனவே பெய்திருந்தால் அறுபதாயிரம் போதும். மிச்சமாகும் நாற்பதாயிரம் லிட்டர், கோடையில் குட்டை வைத்திருப்பவனுக்கு இன்னும் அரை ஏக்கருக்கு மேல் பூ. ஆனால் எவ்வளவு பெய்தது? கைக்கு வருவது ஏற்காடு ஊர்க் கணக்கு ஒன்றுதான். நாகலூரில் கொட்டுவது வாழவந்தியில் தூறலோடு போகும். ஏற்காட்டுக் கணக்கை நம்பிப் பம்பை நிறுத்தினால் அந்த வருஷக் காய் போச்சு.

ஆகவே ஊருக்கு ஒரு மழைமானி வையுங்கள். காலை எட்டரை மணி அளவை ஒன்பதுக்குள் கைப்பேசிக்கு அனுப்புங்கள். சில்வர் ஓக் நிழலில் மட்டும் நட்டுவிடாதீர்கள். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். தானியங்கிக் கருவியின் புனலை இலையும் எறும்பும் அடைத்தால், கொட்டும் மழையிலும் பூஜ்யம் காட்டும். மாதம் ஒருமுறை துடைக்க ஆள் போடுங்கள், இல்லையேல் அந்தப் பூஜ்யமே அடுத்த கூட்டத்தில் ‘வறட்சி’ என்று திரையில் வரும்.

நிழல் மரம் குறைந்து வெயில் தண்டில் விழுந்தால் தண்டுத் துளைப்பான் வண்டு ஏறுகிறது. அறுவடை நேரத்தில், 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழை மலைச்சாலையையே சரித்தது. இவையெல்லாம் எந்த ஆண்டுக் கணக்கில் சேரும்? கோடை விழாவுக்கு எத்தனை பூந்தொட்டி என்று மட்டும் துல்லியமாகச் சொல்கிறீர்கள்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளவும். மழைமானிகளை அடுத்த பூ மழைக்கு முன், பிப்ரவரிக்குள் வைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இடம் நாங்கள் தருகிறோம்.