நீ யார் வீட்டுப் பிள்ளை?

ஒவியேதோ, ஸ்பெயின்,
ஜூன் 18.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "ஊருக்கு வர விடுப்பு இல்லை என்கிறாய், மலைக்காட்டில் பதினான்கு நாள் தனியாக நடப்பதற்கு மட்டும் விடுப்பு எங்கிருந்து வந்தது?" என்றீர்கள். கோபம் நியாயமானதுதான். கடிதமாக எழுதினால் பிழை திருத்துவதற்காகவேனும் கடைசிவரை படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் நடந்த வழிக்குக் கமீனோ ப்ரிமிதீவோ என்று பெயர். முதல் வழி என்று பொருள். நம் தங்கச்சிமடத்துக்காரர்கள் ஜூலை மாதத்தில் திருவிழா எடுக்கும் இயேசுவின் சீடர் அதே சந்தியாகப்பரின் கல்லறை ஸ்பெயினின் வடமேற்குப் பகுதியான கலீசியாவில் கண்டெடுக்கப்பட்டது என்ற செய்தி ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. அப்போது ஒவியேதோவிலிருந்து ஆண்ட அஸ்தூரியாஸ் மன்னன் இரண்டாம் அல்போன்சோ அதைத் தரிசிக்க மேற்கு நோக்கிப் போன பாதை இதுதான் என்று சொல்கிறார்கள். ஏறத்தாழ 320 கிலோமீட்டர். நான் குடியிருக்கும் தெருவிலேயே நடைபாதையில் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டும் வெண்கலச் சிப்பிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக அந்தச் சிப்பிகளை மிதித்துத்தான் ஆய்வகத்துக்குப் போய் வந்தேன். அவை எங்கே போகின்றன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆய்வகம், அறை, வாரம் ஒருமுறை காய்கறிக் கடை என்று இருந்துவிட்டேன். நான் கற்ற ஸ்பானிய மொழியும் பணம் கொடுக்கவும் நன்றி சொல்லவும் போதுமான அளவில் நின்றுவிட்டது. இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

2023-இல் மட்டும் அந்தக் கல்லறை இருக்கும் சாந்தியாகோ நகருக்குப் போய்ச் சேர்ந்து சான்றிதழ் பெற்றவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். அவர்களில் இந்த மலைவழியே வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருப்பார்கள். அதனால் சிங்கம்புணரியில் நம் வாசலில் தை மாதம் முழுவதும் பார்த்த பழனிப் பாதயாத்திரைக் காட்சியை இங்கே கற்பனை செய்யாதீர்கள். ஒலிபெருக்கி இல்லை, காவடி இல்லை, இரவெல்லாம் நீளும் கூட்டம் இல்லை. காலையில் சத்திரத்தை விட்டுக் கிளம்பும்போது முன்னால் இருவர், பின்னால் ஒருவர் என்று தெரிவார்கள். பத்து மணிக்குள் அவர்களும் மறைந்துபோவார்கள். மாட்டுமணிச் சத்தமும் மழையும் மட்டும் கூட வரும். சத்திரத்துக்கு இங்கே அல்பெர்கே என்று பெயர். கையில் ஒரு மடிப்பு அட்டை உண்டு. இரவு தங்கும் இடத்தில் அதில் முத்திரை குத்துவார்கள், அந்த முத்திரைகளே நடந்ததற்குச் சாட்சி.

முதல் மூன்று நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சலாஸ் வரையில் ஆப்பிள் தோட்டங்கள், அதற்கப்பால் கணுக்கால் புதையும் சேறு. தினேயோ என்ற ஊரைக் கடக்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. யாத்திரிகர்கள் வேறு வழியாகப் போகக்கூடாது, தினேயோ வழியாகவே போக வேண்டும் என்று 1222-இல் மன்னன் ஒன்பதாம் அல்போன்சோ ஆணையிட்டானாம். நத்தம் சாலையில் புறவழி போடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது நம் கடைத்தெருக்காரர்கள் கொடுத்த மனுவை எழுதித் தந்தவர் நீங்கள்தானே?

சாப்பாடு பற்றி அம்மா கேட்டிருந்தார்கள். இந்த மலைநாட்டில் பயற்றுச் சாற்றிலும் கீரைச் சாற்றிலும்கூடப் பன்றிக்கொழுப்பு கிடக்கும். ரொட்டியும் பாற்கட்டியும் உருளைக்கிழங்கு முட்டையடையுமே என்னைக் காப்பாற்றின. கடைசியாகச் சொன்னதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் நாள்தான் நான் எழுத வந்த நாள். போரெஸ் என்ற சிற்றூரைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஊர்கள் வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கும். மற்றது மலைமுதுகின்மேல் ஏறி ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போகும்; வழியில் கடை கிடையாது, தண்ணீரை நம்ப முடியாது. மேல் வழிக்கு 'ஒஸ்பித்தாலேஸ்' என்று பெயர். மருத்துவமனைகள் என்று நினைத்துத் திகைத்தேன். பிறகுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள் விருந்தோம்பும் வீடு, அதாவது சத்திரம், என்று விளங்கியது. பராதியெயா, ஃபோன்ஃபராயோன், வால்பராயிசோ என்று மூன்று சத்திரங்கள் இடைக்காலத்தில் அந்த உச்சியில் யாத்திரிகர்களுக்காக இருந்தன. இப்போது கூரை இல்லை. மூடுபனி இருந்தால் மேலே போகாதே என்று சத்திரத்துக்காரர் முந்தின இரவே இரண்டு முறை சொன்னார். விடியற்காலையில் வானம் தெளிவாக இருந்தது, ஏறிவிட்டேன். ஒன்பது மணிக்குப் பனி இறங்கியது.

அப்பா, நான் பயந்தேன். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு குதிரை திடீரென்று முகம் காட்டியது, கட்டுப்போடாமல் மேயவிட்டிருக்கிறார்கள். ஒரு வழிகாட்டிக் கல்லைத் தொட்டுவிட்டு அடுத்த கல் கண்ணில் படும் வரையில் எண்ணிக்கொண்டே நடந்தேன். அப்படி நடந்து இடிந்த சத்திரம் ஒன்றின் சுவருக்கு வந்து சேர்ந்தேன். சுவரின் காற்றுப்படாத பக்கத்தில் குந்தியிருந்தபோது அந்தக் கற்களை அடுக்கியவர்களின் கணக்கு எனக்குப் புரிந்தது. ஒரு மனிதன் களைத்து விழக்கூடிய இடம் எதுவென்று பார்த்து அங்கேயே கட்டியிருக்கிறார்கள். நம் அப்பத்தா, குன்றக்குடியிலிருந்து கிளம்பியவர்களுக்குச் சிங்கம்புணரி வரும்போதுதான் கால் வெடிக்கும் என்று சொல்லி, வெந்நீரில் மஞ்சளும் உப்பும் போட்டுத் திண்ணையில் வைத்திருப்பார்களே, அதே கணக்கு.

பாலோ கணவாய் 1146 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைக் கடந்து செங்குத்தாக இறங்கியபோது பனி விலகி மழை பிடித்துக்கொண்டது. கல்பலகை வேய்ந்த ஐந்தாறு வீடுகள், அவற்றில் பாதி பூட்டிக் கிடந்தன. ஒரு முதிய பெண்மணி கை காட்டி என்னைத் தன் தானியக் களஞ்சியத்தின் அடியில் கூப்பிட்டார். எலி ஏறாதபடி தட்டைக் கற்களை வைத்து, கால்கள்மேல் தூக்கி நிறுத்திய மரவீடு அது; அடியில் நான்கு பேர் நனையாமல் நிற்கலாம். ரொட்டியும் பாற்கட்டியும் சூடான காப்பியும் கொண்டுவந்தார். அந்த மேற்கு மலைப்பேச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை, ஆனால் முதலில் கேட்டது நன்றாகவே விளங்கியது: "நீ யார் வீட்டுப் பிள்ளை?"

மூன்று ஆண்டுகளில் எந்த நாட்டுக்காரி என்று என்னைக் கேட்டவர்கள் பலர். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். சிங்கம்புணரி வாத்தியார் மகள் என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் சொன்னேன். அந்த ஊர் எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்றார்.

பிறகு அவர் தம் கதையைச் சொன்னார். அவருடைய அண்ணன் இளம் வயதில் அர்ஜென்டீனாவுக்குக் கப்பலேறியவர். அஸ்தூரியாஸ் மலைகளிலிருந்து கியூபாவுக்கும் அர்ஜென்டீனாவுக்கும் அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பணத்தோடு திரும்பியவர்கள் பெரிய வீடு கட்டி வாசலில் பேரீச்சை போன்ற ஒரு பனையை நட்டார்கள்; அந்த மரத்தைப் பார்த்தாலே அது கடல் கடந்தவன் வீடு என்று இங்கே தெரிந்துவிடும். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இவருடைய அண்ணன் திரும்பவில்லை. ஆண்டுக்கு ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்து, நீ வீட்டுக்கு எழுதுகிறாயா என்று கேட்டார். தொலைபேசியில் பேசுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிய விதத்தில் அது பதிலாக ஏற்கப்படவில்லை என்று தெரிந்தது.

மழை விட்டதும் பத்து யூரோ நோட்டை எடுத்து நீட்டினேன். எவ்வளவு பெரிய தவறு! ஒருமுறை ஒரு கோயம்புத்தூர்க்காரர் மோரைக் குடித்துவிட்டு அப்பத்தாவிடம் காசு நீட்டினாரே, அப்போது அப்பத்தா பார்த்த அதே பார்வை. பிறந்ததிலிருந்து நான் சொம்பு பிடித்துக் கொடுக்கும் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். வாங்கிக் குடிக்கும் பக்கத்தில் நின்றது அன்றுதான் முதல் முறை. கொடுப்பது சுலபம் அப்பா. நனைந்த துணியோடு, கால் கொப்புளத்தோடு, பேசவும் சரியாக வராமல் வாங்கி நிற்பதற்கு வேறொரு பழக்கம் வேண்டியிருக்கிறது.

அதன்பின் நடை மாறிவிட்டது. வாசலில் யாராவது நின்றால் நானே நின்று பேசினேன். மறுநாள் எண்ணூறு மீட்டருக்கும் மேல் இறங்கி நாவியா ஆற்று அணையைக் கடந்தேன். 1950-களில் அந்த நீருக்கடியில் போன சலீமே ஊரைப் பற்றி, எட்டிப் பார்த்தபடியே ஒரு கிழவர் சொன்னார். கலீசியா எல்லையில் வழி தவறியதும் பேச்சால்தான் சரியானது. அஸ்தூரியாஸில் சிப்பியின் குவிந்த முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போக வேண்டும். எல்லை தாண்டினால் அந்த விதி தலைகீழாகிவிடுகிறது. பழக்கதோஷத்தில் நான் அரை மணி நேரம் தவறான மண்பாதையில் போய், மாடு ஓட்டிவந்தவரால் திருப்பி அனுப்பப்பட்டேன். லூகோ நகரில் ரோமானியர் மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் இன்றும் ஊரை முழுவதுமாகச் சுற்றி நிற்கிறது. அதன்மேல் மாலையில் ஊர்க்காரர்கள் நடக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தச் சுற்றை நானும் செருப்போடு நொண்டி முடித்தேன்.

மெலீதேயில் பிரான்ஸிலிருந்து வரும் பெரிய வழி வந்து சேர்கிறது, கூட்டமும் சேர்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு தைப்பூசக் கூட்டம் விலகுவதற்காகப் பள்ளிக்கூடம் போகாமல் வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. பதின்மூன்றாம் நாள் சாந்தியாகோ பேராலயத்தின் முன் உட்கார்ந்து காலணியைக் கழற்றினேன். அங்கே பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, பசித்தது. மறுநாள் பேருந்தில் ஒவியேதோ வந்துவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். விடுப்பு இருந்தது, ஆனால் வந்து என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். ஜனவரிக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன், பூசத்துக்குப் பத்து நாள் முன்னரே வந்துவிடுவேன். முழங்கால் வலிக்கிறது என்று சென்ற ஆண்டு தண்ணீர் பாக்கெட் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டீர்களாமே, அம்மா சொன்னார்கள். அப்பத்தாவின் பித்தளை அண்டா பரணில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பச்சை பிடித்திருந்தால் மோர் திரிந்துவிடும். ஈயம் பூசுகிறவர் திருப்பத்தூர் சந்தைக்கு வந்தால் பூசி வைத்துவிடுங்கள்.

அன்பு மகள்