ஆஸ்டினின் கிழக்கு பொட்டல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஆஸ்டின் பயணக் கட்டுரையைப் படித்தேன். "கம்ப்யூட்டர் கம்பெனிகள் வருவதற்கு முன் நகரத்தின் கிழக்குப் பகுதி ஆள் அரவமற்ற பொட்டலாகக் கிடந்தது" என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். மகன் வீட்டில் இரண்டு வாரம் தங்கி, காரின் பின் சீட்டிலிருந்து பார்த்த ஊரைப் பற்றி இவ்வளவு அடித்துச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். வாழ்த்துகள்.

நான் 1997இல் சிப் கம்பெனி வேலைக்காக டெக்சாஸ் வந்தவன். முதலில் குடியிருந்தது அந்தப் 'பொட்டலில்'தான். அங்கேதான் வாடகை கட்டுப்படியானது. வீட்டுக்கார அம்மா மெக்சிக வம்சாவளி. பிறந்து வளர்ந்ததெல்லாம் ஆஸ்டினில். அவருடைய அப்பா பிறந்ததும் இங்கேதான். மெக்சிக உணவான டாகோ விற்கும் வண்டியின் படத்துக்குக் கீழே 'புதிதாகக் குடியேறியவர்களின் கடை' என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் புதிதாகக் குடியேறியவன் நான்தான். என் படத்தைப் போட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவில் இருந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. நூறு வருடத்துக்கு முன் ஆஸ்டின் மெக்சிகர்களின் வாழ்க்கை கிழக்கில்கூட இல்லை. ஊரின் நட்டநடுவில், இன்று ரிபப்ளிக் ஸ்கொயர் எனப்படும் பூங்காவைச் சுற்றித்தான் நடந்தது. அதற்கு அன்று 'மெக்சிகன் பார்க்' என்றே பெயர். குவாதலூப்பே மாதா கோயிலும் பக்கத்திலேயே இருந்தது. 1928 நகரத் திட்டம் கறுப்பின மக்களைக் கிழக்கே தள்ளியது. அந்தக் காலத்திலேயே மெக்சிகக் குடும்பங்களும் கிழக்கே போயின. மாதா கோயிலும் கூடவே போனது. பூங்கா பிற்பாடு கார் நிறுத்துமிடம் ஆனது. 1962இல் ஐ-35 நெடுஞ்சாலை திறந்து, கிழக்கு வேறு மேற்கு வேறு என்று ஊரையே அறுத்துப்போட்டது. வீடுகளை ஒட்டி ஹாலி மின் நிலையத்தையும் பெட்ரோல் கிடங்குகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த மின் நிலையத்தை மூடவே 2007 ஆயிற்று. ஆளே இல்லாத இடத்தில் அதன் இரைச்சலுக்கு எதிராகக் கொடி பிடித்தவர்கள் யார் என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து, 'ரோமப் பேரரசர் சீசரின் பெயரைத் தாங்கிய அழகிய சாலை'. ஐயா, அது சீசர் சாவேஸ் சாலை. திராட்சைத் தோட்டக் கூலிகளுக்குச் சங்கம் கட்டியவர். 1993இல் அவர் இறந்த பிறகு வைத்த பெயர். 1968இல் எகானமி ஃபர்னிச்சர் தொழிற்சாலையில், பெரும்பாலும் மெக்சிக வம்சாவளியினரான தொழிலாளர்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்த அந்தப் போராட்டத்துக்கு ஆதரவு தர 1971இல் சாவேஸே ஆஸ்டினுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கார அம்மாவின் கணவரும் அந்த மறியலில் நின்றவர். அவர் செய்த வேலை சோபாவுக்குத் துணி இழுத்து ஆணி அடிப்பது. கட்டைவிரல் நகம் நசுங்கி, கறுத்து, அப்படியே நின்றுவிட்டது. கடைசிவரை அவர் வீட்டில் சோபா கிடையாது, மர நாற்காலிதான். காரணம் கேட்டால் சிரிப்பார். சாவேஸ் வந்துபோய் நான்கு வருடம் கழித்து, 1975இல்தான் நகர மன்றத்துக்கு முதல் மெக்சிக அமெரிக்கராக ஜான் டிரெவினோ போனார். சீசருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இப்படி நடப்பது முதல் தடவையாக இருந்தால் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். முன்பு ஹூஸ்டன் பற்றி இதே போல ஒரு கட்டுரை வந்தபோது நான்கு பக்கம் எழுதினேன். அதில் 'தங்கள் பயணத் தொடர் சுவையாக இருக்கிறது' என்ற வரியை மட்டும் எடுத்து வெளியிட்டீர்கள். போதாததற்கு ஊர்ப் பெயரை டல்லாஸ் ஆக்கியிருந்தீர்கள். சமையல் பக்கத்தில் சப்பாத்தியில் தக்காளி சாஸ் தடவி, 'மெக்சிகன் டாகோ' என்று போட்டதையும் பொறுத்துக்கொண்டேன். தீபாவளி மலர் எனக்குப் பொங்கலுக்குத்தான் வருகிறது என்பதை இங்கே சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

கட்டுரையாளர் மெச்சிய 'புதுப்பொலிவு' எப்படி வந்தது என்று அறிய ஜம்போலின் கதை ஒன்று போதும். சீசர் சாவேஸ் சாலையில் இருந்த பின்யாட்டா கடை அது. பிறந்தநாளில் குழந்தைகள் கம்பால் அடித்து உடைக்க, உள்ளேயிருந்து மிட்டாய் கொட்டுமே, அந்தக் காகித பொம்மை விற்ற கடை. 2015 பிப்ரவரியில் ஒரு காலையில், சரக்கெல்லாம் உள்ளே இருக்க, இடத்தின் புது உரிமையாளர்கள் கட்டடத்தை இடித்தார்கள். பிறகு அங்கே வந்தது, பூனைகளோடு உட்கார்ந்து காபி குடிக்கும் கடை.

எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு இயந்திரம் வரவில்லை, கவர்தான் வந்தது. வருடா வருடம் சொத்து வரிக்கான மதிப்பீட்டுக் கடிதத்தைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். மர வீட்டுக்கு ஒரு தொகை, அது நிற்கும் மனைக்கு அதைப்போலப் பல மடங்கு. எங்களைப் போன்ற சம்பளக்காரர்கள் போட்டி போட்டு வாங்க வாங்க, அந்தத் தொகை ஏறிக்கொண்டே போனது. கணவர் இறந்த பின் விற்றுவிட்டு ஊருக்குத் தெற்கே கைல் பக்கம் போய்விட்டார். வாசலில் நின்ற பெக்கான் மரத்தையும் வாங்கியவர் வெட்டிவிட்டார். இன்றைக்கு அந்த மனையைப் பார்த்துப் பொட்டல் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். தொடர் புத்தகமாக வரப்போவதாக விளம்பரம் பார்த்தேன். அச்சுக்குப் போகும் முன் அந்த 'பொட்டல்' வரியை எடுத்துவிடுங்கள். சீசரை ரோமுக்கே அனுப்பிவிட்டுச் சாவேஸின் பெயரைப் போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்கத்தான் வேண்டுமென்றால், தயவுசெய்து வாழ்த்துச் சொன்ன வரியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஆஸ்டின், டெக்சாஸ்.