கிழிசல் தைக்க ஆள் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் பையனின் பள்ளிக்கூட பேண்ட் முட்டியில் கிழிந்து, ஜிப்பும் போய்விட்டது. தெருமுனைத் தையல் கடைக்குக் கொண்டுபோனால், "ஆல்டர் வேலை எடுக்கிறதில்லைண்ணே, புதுசா எடுத்துருங்க" என்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அரை மணி நேரம் பிரித்துத் தைத்தாலும் நாற்பது ரூபாய் கொடுக்க நாம் மூக்கால் அழுகிறோமே.

முன்பெல்லாம் மீனாட்சி கோயிலுக்கு எதிரே, புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்கள், மீனாட்சி அம்மனைக் கும்பிட்டுத் திரும்புவதற்குள் ஓரம் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்தில்.

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை தூளியாகி, அப்புறம் கரித்துணியாகித்தான் போனது, பருத்தி, மக்கிவிடும். இன்றைய பாலியெஸ்டர் மக்காது, வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போய் அப்படியே கிடக்கும்.

ஆம்ஸ்டர்டாமில் 2009-ல் தன்னார்வலர்கள் கூடி உட்கார்ந்து, கிழிந்த, உடைந்த பொருள்களைப் பழுது பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். பிரான்ஸில் 2023-ல் துணி, செருப்பு பழுது பார்த்தால் 6 யூரோவிலிருந்து 25 யூரோ வரை தள்ளுபடியே தரத் தொடங்கினார்கள்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு, வார்டு அலுவலகத்தில் நாலு தையல் மிஷின், மகளிர் குழுவில் தைக்கத் தெரிந்தவர்கள் (இலவசமாக இல்லை, கூலி கொடுத்துத்தான்). மாநகராட்சி முதலில் ஒரு வார்டிலாவது செய்து பார்க்கட்டும், பையனின் பேண்டோடு நான் வரிசையில் நிற்கிறேன்.

— ஒரு வாசகர், மதுரை